எந்தத் தளம் தரைத்தளம்? மலைச்சரிவுக் கட்டிடம் ஒன்றின் அணுகல் ஆய்வு

நீலகிரி மாவட்டம் கோத்தகிரி வட்டாரத்தில், இரண்டு சாலைகளுக்கு நடுவே மலைச்சரிவை வெட்டிக் கட்டப்பட்ட பொதுக் கட்டிடம் ஒன்றை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி திருத்தியமைத்த விதத்தை இந்த ஆய்வு விவரிக்கிறது. கட்டிடத்தின் பெயரும் அதை நடத்தும் அலுவலகத்தின் பெயரும் தவிர்க்கப்பட்டுள்ளன. அங்கே காணப்பட்ட குறைகள் அந்த ஓர் அலுவலகத்துக்கு மட்டும் உரியவை அல்ல. குன்னூரிலும் உதகையிலும் கூடலூரிலும் சரிவில் நிற்கும் எந்தப் பழைய அலுவலகத்துக்குப் போனாலும் இவற்றில் பாதியையாவது காணலாம். உள்ளூர் மாற்றுத்திறனாளிகள் சிலரின் கோரிக்கையின் பேரில் அணுகல் தணிக்கைக்காக, அதாவது அவர்கள் தடையின்றி வந்துபோகும்படி கட்டிடம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, சென்ற குழுவில் ஒருவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நில அமைப்பு

கட்டிடத்தின் முகப்பு கீழே உள்ள பிரதான சாலையைப் பார்த்திருக்கிறது. சாலையிலிருந்து கீழ்த்தளத்தின் தரைமட்டம் 2.1 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதை ஏற 14 படிகள். கீழ்த்தளத்துக்கு மேலே இன்னொரு தளம், அதோடு கட்டிடம் முடிகிறது. நீலகிரியில் புதிய கட்டிடங்கள் பொதுவாக 7 மீட்டருக்கு மேல் எழும்ப அனுமதி இல்லை என்பதால், இந்த இரண்டு தள அமைப்பே மலை ஊர்களின் வழக்கமான அளவு. பின்புறம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஒரு மேல் சாலை செல்கிறது. அந்தச் சாலையின் தடுப்புச் சுவருக்கும் கட்டிடத்தின் பின்சுவருக்கும் இடையே 1.8 மீட்டர் இடைவெளி. அதன் அடியில், மண்ணின் ஈரம் சுவரில் ஏறாமல் இருக்க வெட்டப்பட்ட வடிகால்.

மக்கள் வந்து போகும் பிரிவுகள் எல்லாம் கீழ்த்தளத்தில் இருந்தன. இ-சேவை மையம், சான்றிதழ்களுக்கு மனு வாங்கும் முகப்பு, கூட்ட அரங்கு, கழிப்பறை ஆகியவை கீழே. கோப்பு அறைகளும் அலுவலர் அறைகளும் மேலே. இதற்கு அலுவலகத்தில் ஒரு காரணம் சொல்லப்பட்டது. மாற்றுத்திறனாளிகளும் முதியோரும் நாடி வரும் பிரிவுகள் தரைத்தளத்தில் இயங்க வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் நடைமுறை. வரைபடத்தில் கீழ்த்தளம் ‘தரைத்தளம்’ என்று குறிக்கப்பட்டிருந்தது. எனவே பிரிவுகள் அங்கே வைக்கப்பட்டன. காகிதத்தில் எந்தப் பிழையும் இல்லை. அந்தத் தரைத்தளத்தை அடைய 14 படி ஏற வேண்டும் என்பது மட்டும் வரைபடத்தைப் பார்த்து முடிவெடுத்தவர்களின் கண்ணில் படவில்லை. சமவெளியில் தரைத்தளம் என்றால் தெருவோடு ஒட்டிய தளம். மலைச்சரிவில் அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எந்தத் தளம் எந்தச் சாலையோடு ஒட்டுகிறது என்று நேரில் போய் மட்டம் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளமும் இருந்தது. கட்டிடம் எழுந்து பல ஆண்டுகளுக்குப் பின்னர், ஆய்வுக்கு வருவோர் கேட்கிறார்கள் என்பதற்காகப் போடப்பட்டது அது. முன்புறத்தில் கிடைத்த இடம் 11 மீட்டர் நீளமே என்பதால் 2.1 மீட்டர் உயரத்தை அந்த 11 மீட்டருக்குள் முடித்திருந்தார்கள். அதாவது ஐந்தே கால் மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் உயரம்.

ஐந்துக்கு ஒன்று என்றால்

இந்திய வழிகாட்டு நெறிகளில் சாய்தளத்துக்கு அனுமதிக்கப்படும் அதிகபட்ச ஏற்றம் 12-க்கு 1. அதுவும் சிறிய உயரங்களுக்கே. ஏற வேண்டிய உயரம் கூடக் கூட, ஏற்றம் 15-க்கு 1, 20-க்கு 1 என்று குறைய வேண்டும். இடையிடையே சக்கர நாற்காலி நின்று இளைப்பாறவும் திரும்பவும் 1.5 மீட்டர் அளவில் சமதள மேடைகள் வேண்டும். இரு பக்கமும் இரண்டு உயரங்களில் கைப்பிடி வேண்டும். அந்தக் கைப்பிடி சரிவு தொடங்கும் இடத்துக்கு முன்னும் முடியும் இடத்துக்குப் பின்னும் 300 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும்.

12-க்கு 1 என்பது எவ்வளவு செங்குத்தானது என்பதை நீலகிரிக்காரர்களுக்கு எளிதில் விளக்கலாம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மலை ரயில் ஏறும் மிகக் கடுமையான ஏற்றம் ஏறத்தாழ இதே அளவுதான். அந்த ஏற்றத்தில் சாதாரணச் சக்கரம் வழுக்கும் என்பதால்தான் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்து, இன்ஜினின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறும்படி செய்திருக்கிறார்கள். ரயிலையும் சக்கர நாற்காலியையும் நேருக்கு நேர் வைத்துப் பேசுவது பொறியியல் கணக்காகாது என்றாலும், 12-க்கு 1 என்பதைத் தாராளமான சரிவு என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒற்றுமை நினைவில் நிற்கிறது.

கணக்காகவே பார்ப்போம். நாற்காலியும் அமர்ந்திருப்பவரும் சேர்ந்து 90 கிலோ எடை என்றால், உராய்வை விட்டுவிட்டாலும், 12-க்கு 1 ஏற்றத்தில் நாற்காலி பின்னால் உருளாமல் பிடித்து நிறுத்த மட்டும் ஏழரைக் கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். இந்தக் கட்டிடத்தின் சாய்தளத்தில் அது ஏறத்தாழ 17 கிலோ. நாற்காலியைத் தாமே உருட்டிச் செல்பவர் அந்த விசையைத் தோள்களால், ஒவ்வொரு தள்ளலுக்கும் கொடுக்க வேண்டும். கையை எடுத்து அடுத்த பிடிப்புக்கு மாற்றும் கணத்தில் நாற்காலி பின்னோக்கி உருளும். சரிவு கூடும்போது நாற்காலி பின்பக்கமாகக் குடைசாயும் ஆபத்தும் கூடுகிறது. பின்னால் ஒருவர் தள்ளிவிட்டால் ஏறிவிடலாம் என்பார்கள். ஏறலாம்; இறங்கும்போதுதான் விபத்து நடக்கிறது.

ஊன்றுகோல் பிடித்தும், காலைத் தாங்கும் சட்டமான காலிப்பர் அணிந்தும் நடப்பவர்களுக்கு இந்தச் சாய்தளம் இன்னும் மோசம். பொதுவாகவே அவர்களில் பலர் சரிவைவிட, கைப்பிடியுள்ள ஒழுங்கான படியையே விரும்புகிறார்கள். ஒவ்வொரு படியிலும் பாதம் சமதளத்தில் நிற்கிறது, முழங்கால் மூட்டைப் பூட்டிய காலைச் சரிவில் இழுத்து வைக்க வேண்டியதில்லை. ஆனால் சாய்தளம் கட்டியாகிவிட்டது என்ற நினைப்பில், 14 படிகளுக்குக் கைப்பிடியே வைக்கவில்லை. படிகளின் உயரம் 150 மில்லிமீட்டர், அகலம் 300 மில்லிமீட்டர் என்று அவை சரியாகவே அமைந்திருந்தன; அவற்றுக்கு இரு பக்கமும் கைப்பிடியும், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக விளிம்புகளில் வேறு நிறப் பட்டையும் சேர்த்தது இந்த முழுத் திட்டத்திலேயே செலவு குறைந்த வேலை, அநேகமாக மிக அதிகம் பேருக்குப் பயன்பட்ட வேலையும் அதுதான்.

முறைப்படி ஒரு சாய்தளம் இங்கே சாத்தியமா என்று பார்த்தோம். 2.1 மீட்டர் உயரத்துக்கு 12-க்கு 1 என்றால் 25 மீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். இந்த உயரத்துக்குப் பொருத்தமான 15-க்கு 1 என்றால் 31.5 மீட்டர், இளைப்பாறும் மேடைகளையும் சேர்த்தால் 35 மீட்டரைத் தாண்டும். முன்னால் இருப்பது 11 மீட்டர். வளைத்து வளைத்து நான்கு மடிப்பாகக் கொண்டுபோகலாம் என்று ஒரு பொறியாளர் வரைந்து காட்டினார். அதற்குப் பக்கவாட்டுச் சரிவை வெட்ட வேண்டும், வெட்டிய இடத்தில் புதிய தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும், அதன் பின்னால் தேங்கும் நீரை வெளியேற்ற வழி செய்ய வேண்டும். மண் அள்ளும் இயந்திரத்தை இந்த மாவட்டத்தில் இறக்குவதற்கே தனி அனுமதி தேவை. அந்தக் கட்டுப்பாட்டை எரிச்சலோடு பேசுவோர் உண்டு. ஐப்பசி மழையில் மண் சரிந்து சாலைகள் மூடப்படுவதைப் பார்த்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஒரு சாய்தளத்துக்காக ஒரு சரிவையே பலவீனமாக்குவது சரியான பேரமாக எங்களுக்குத் தோன்றவில்லை.

சட்டம் கேட்பது

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில். அதன் 40-ஆவது பிரிவு அணுகல் தரநிலைகளை விதிகளாக வகுக்கும் பொறுப்பை மத்திய அரசுக்குத் தருகிறது. 44-ஆவது பிரிவின்படி அந்த விதிகளைப் பின்பற்றாத கட்டிடத்துக்கு வரைபட அனுமதியோ பணிமுடிவுச் சான்றோ தரக் கூடாது. 45-ஆவது பிரிவு, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டிடங்களை விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்கச் சொல்கிறது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. எனவே அந்தக் கெடு 2022-இலேயே முடிந்துவிட்டது.

கெடு முடிந்தும் நிலைமை மாறாததற்கு நிதியை மட்டும் காரணம் சொல்ல முடியாது. பொது இடங்களின் அணுகல் தொடர்பாக ராஜீவ் ரதூரி தொடர்ந்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இந்த இடத்தைத்தான் தொட்டது. சட்டம் கட்டாயம் என்று சொல்கிறது. ஆனால் 2017 விதிகளின் 15-ஆவது விதி கைகாட்டிய பல வழிகாட்டு நெறிகள் பரிந்துரை மொழியிலேயே எழுதப்பட்டவை. எனவே அந்த விதியின் முதல் உட்பிரிவு சட்டத்தின் நோக்கத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் கூறியது. விட்டுக்கொடுக்க முடியாத குறைந்தபட்சத் தரங்களைத் தனியாகப் பிரித்து மூன்று மாதங்களுக்குள் கட்டாய விதிகளாக வகுக்குமாறும் உத்தரவிட்டது.

இந்தக் கட்டிடத்தின் பதிவேட்டில் ‘சாய்தள வசதி: உண்டு’ என்ற வரி இருந்தது. அந்த வரியை எழுதியவர் பொய் சொல்லவில்லை. படிவத்தில் கேட்கப்பட்ட கேள்வி ‘உள்ளதா, இல்லையா’ என்பதே; எவ்வளவு சரிவு, மேடை உண்டா, ஏறியவர் அங்கிருந்து எங்கே போகிறார் என்பவை கேட்கப்படவில்லை. ஒருவர் வண்டியை விட்டு இறங்கும் இடம் தொடங்கி, வாசல், முகப்பு, கழிப்பறை என்று போய்த் திரும்பி வண்டியில் ஏறும் வரை எங்கும் அறுபடாத பாதையைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்தப் பாதையில் ஓர் இடம் அறுந்தாலும் மற்ற இடங்களில் செய்த செலவு வீண். ஆம்-இல்லை படிவங்கள் இந்தப் பாதையைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே மதிப்பெண் போடுகின்றன.

வாசலை மாற்றுதல்

பின்புறம் போய் மட்டம் பார்த்தபோது தீர்வு அங்கே கிடந்தது. மேல்தளத்தின் தரை, மேல் சாலையின் ஓரத்தைவிட 35 மில்லிமீட்டரே உயரம். நடுவில் 1.8 மீட்டர் இடைவெளி. அதன் மேல் ஒரு கான்கிரீட் பலகம் போட்டால், சாலையிலிருந்து மேல்தளத்துக்கு நேராக நுழையலாம். பலகத்தின் சரிவு ஏறத்தாழ 50-க்கு 1 ஆக இருக்கும், அதாவது நடைமுறையில் சமதளம். அந்தச் சிறு சரிவும் கதவிலிருந்து வெளிப்பக்கம் தாழ்வதால் மழைநீர் உள்ளே வராது.

மலைச்சரிவில் கட்டுபவர்கள் சரிவை ஒரு தொல்லையாகவே பார்க்கப் பழகியிருக்கிறார்கள். அணுகல் விஷயத்தில் சமவெளிக் கட்டிடத்துக்கு இல்லாத ஒரு வசதியைச் சரிவு தருகிறது: ஒவ்வொரு தளத்துக்கும் தனக்கென ஒரு தரை இருக்கக்கூடும். சமவெளியில் முதல் மாடிக்குப் போக மின்தூக்கி வேண்டும். இங்கே ஒரு சிறு பாலம் போதும். ஏழு மீட்டர் உயரக் கட்டுப்பாட்டால் கட்டிடங்கள் இரண்டு தளங்களோடு நின்றுவிடுவதால், கீழ்த்தளம் ஒரு சாலைக்கும் மேல்தளம் இன்னொரு சாலைக்கும் ஒட்டும்படி கட்டிடத்தை இருத்துவது பல மனைகளில் முடியக்கூடியதே. புதிதாக வரைபடம் போடுபவர்கள் முகப்பு எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று பேசத் தொடங்கும் முன் சம உயரக் கோடுகளைப் பார்த்தால், பிற்பாடு சாய்தளம் தேடும் வேலை பெருமளவு மிச்சமாகும்.

பின்சுவரில் மூன்று ஜன்னல்கள் இருந்தன. நடு ஜன்னல் 1.2 மீட்டர் அகலம். ஜன்னலுக்கு மேலுள்ள விட்டத்தைத் தொடாமல், கீழே உள்ள சுவரை மட்டும் தரைவரை வெட்டியெடுத்துக் கதவு வைத்ததால் சுவரின் பாரம் தாங்கும் அமைப்புக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. நிலைச்சட்டம் போக, தேவையான 900 மில்லிமீட்டர் வழி தாராளமாகக் கிடைத்தது. பலகம் போட்டாலும் கீழே உள்ள வடிகால் அடைபடாமல், ஆள் இறங்கிச் சுத்தம் செய்ய இடம் விட வேண்டும் என்று பொறியாளர் வற்புறுத்தினார். வடிகால் தூர்ந்தால் கீழ்த்தளச் சுவர் முழுக்க ஈரமாகும் என்பது அவர் அனுபவம்.

கட்டுமானம் சுலபம். எதிர்ப்பு வேறு இடத்திலிருந்து வந்தது. கலந்தாலோசனைக் கூட்டத்தில், போலியோவால் ஒரு கால் பாதிக்கப்பட்டு ஊன்றுகோலில் நடக்கும் தையற்காரர் ஒருவர் எழுந்து, “சார், முன்வாசல் எல்லாருக்கும், பின்வாசல் எங்களுக்கா?” என்று கேட்டார். அலுவலர் பதில் சொல்லத் தயங்கினார். “அதுக்கு அந்தப் பழைய சாய்தளமே இருக்கட்டுங்க. தடுக்கி விழுந்தாலும் முன்னால விழறோம்,” என்றார் அவர். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை.

அவர் கேள்வி நியாயமானது. தனி வாசல் என்பது பெரும்பாலும் பூட்டிய வாசலாக முடிகிறது. யாராவது வந்தால் திறக்கலாம் என்று சாவி ஓர் அலுவலக உதவியாளரிடம் இருக்கும், அவர் விடுப்பில் இருப்பார். இந்த இடத்தில்தான் திட்டம் மாறியது. மேல் சாலைக் கதவை மாற்றுத்திறனாளிகளுக்கான தனி வழியாக வைக்காமல், கட்டிடத்தின் முதன்மை வாசலாகவே ஆக்குவது என்று முடிவானது. இ-சேவை மையமும் மனு முகப்பும் மேல்தளத்துக்கு ஏறின. கோப்பு அறைகள் கீழே இறங்கின. பெயர்ப் பலகை மேல் சாலைப் பக்கம் மாற்றப்பட்டது. அலுவலகக் கடிதங்களில் அச்சிடும் முகவரியிலும் மேல் சாலையின் பெயர் வந்தது. பழைய முன்வாசல், ஊழியர்களும் கீழ்ச்சாலையிலிருந்து நடந்து வருவோரும் பயன்படுத்தும் இரண்டாம் வழியாயிற்று. ஐந்துக்கு ஒன்று சாய்தளம் இடிக்கப்பட்டது. இடிக்க வேண்டியதில்லை, பொருள் ஏற்ற இறக்க உதவும் என்றார்கள் சிலர். அது அங்கே இருக்கும்வரை யாராவது அதில் ஏறிப் பார்ப்பார்கள் என்பதால் நாங்கள் உடன்படவில்லை.

பிரிவுகளை மேலே கொண்டுபோனபோது, ‘தரைத்தளத்தில் இயங்க வேண்டும்’ என்ற நடைமுறை குறுக்கே நின்றது. அலுவலகத் தணிக்கையின்போது கேள்வி வரும் என்ற அச்சம் அலுவலர்களுக்கு இருந்தது. மேல் சாலை மட்டத்தை அடிப்படையாகக் கொண்டு வரைபடத்தைத் திருத்தி, இரு தளங்களையும் ‘கீழ்ச்சாலைத் தளம்’, ‘மேல்சாலைத் தளம்’ என்று குறித்து ஒப்புதல் பெற்ற பிறகே கோப்பு நகர்ந்தது. கான்கிரீட் இறுகுவதைவிட இதற்கு அதிக காலம் பிடித்தது.

உள்ளே செய்த வேலைகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, முகப்பு மேசை. நின்று பேசுவோர் உயரத்துக்கு இருந்த மேசையின் ஒரு பகுதியை 750 மில்லிமீட்டராகத் தாழ்த்தி, நாற்காலியில் வருபவரின் முழங்கால் உள்ளே போக அடியில் இடம் விடப்பட்டது. செவித்திறன் குறைந்தவர்களுக்காக டோக்கன் எண் பலகை வைக்கப்பட்டது. அதுவரை பெயரைக் கூவி அழைப்பதே வழக்கம். இன்னொன்று கழிப்பறை. மேல்தளத்தில் பழைய கோப்பு அறையின் ஒரு பகுதியைத் தடுத்து, நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம் கிடைக்கும்படி, வெளிப்பக்கம் திறக்கும் கதவோடும் பிடிகம்பிகளோடும் அது அமைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இப்படி அமைக்கப்படும் கழிப்பறைகளில் பல, சில மாதங்களில் துடைப்பமும் உடைந்த நாற்காலியும் போட்டு வைக்கும் அறையாகிவிடுகின்றன. அதைத் தடுக்க இங்கே செய்தது ஒரு சாதாரண ஏற்பாடு: அந்தத் தளத்தில் வேறு கழிப்பறை கிடையாது, ஊழியர்களும் அதையே பயன்படுத்துகிறார்கள். எனவே அது பூட்டப்படுவதில்லை, தண்ணீரும் வருகிறது.

மழை, பாசி, உறைபனி

தரநிலை நூல்களில் உள்ள அளவுகள் நாடு முழுமைக்கும் பொதுவானவை. கோத்தகிரியின் ஈரத்துக்கு அவை தனியாக எதுவும் சொல்வதில்லை. இங்கே வடகிழக்குப் பருவமழை கனமாகப் பெய்யும்; மழை இல்லாத நாளிலும் மூடுபனி இறங்கித் தரையை நனைக்கும். வெயில் படாத பக்கத்தில் ஒரே பருவத்தில் பாசி படிந்துவிடுகிறது. பலகத்துக்கு முதலில் முன்மொழியப்பட்டது மெருகேற்றிய கிரானைட். அதை மறுத்து, துடைப்பத்தால் வரியிழுத்த சொரசொரப்பான கான்கிரீட்டே போதும் என்றோம். சொரசொரப்பும் பாசியைத் தடுக்காது. பருவமழைக்கு முன்பும் பின்பும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கும் வேலை பராமரிப்புப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

பலகத்துக்கு மேல் கூரை தேவையா என்ற விவாதமும் நடந்தது. இருபதடி தூரம்கூட இல்லாத வழிக்குக் கூரை எதற்கு என்பது செலவைக் கணக்கிட்டவரின் கேள்வி. சக்கர நாற்காலியை இரு கையாலும் உருட்டுபவரும், இரண்டு ஊன்றுகோலில் நடப்பவரும் குடை பிடிக்க முடியாது. வண்டியிலிருந்து இறங்கி நாற்காலிக்கு மாற அவர்களுக்கு நேரமும் பிடிக்கும். கூரை போடப்பட்டது, வண்டி நிற்கும் இடம் வரை.

கைப்பிடிக்கு எவர்சில்வர் குழாய் எல்லா ஊரிலும் போடுவது. மார்கழி, தை மாதக் காலைகளில் நீலகிரியில் அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கை தானாகப் பின்வாங்கும். உடல் பாரம் முழுவதையும் கைப்பிடியில் சாய்த்து ஏறுபவர் கையைப் பின்வாங்க முடியாது. படிகளிலும் வாசலிலும் பிளாஸ்டிக் உறை போர்த்திய குழாய் பொருத்தப்பட்டது. உறை கிழிந்தால் மாற்ற வேண்டும் என்பது அதன் குறை.

குளிரைப் பற்றிப் பேசும்போது இன்னொரு செய்தியும் சேர்கிறது. 2016 சட்டம் அங்கீகரிக்கும் 21 வகைக் குறைபாடுகளில் அரிவாள் செல் இரத்த நோயும் ஒன்று. நீலகிரியின் இருளர், குறும்பர், பணியர் முதலான பழங்குடியினரிடையே இந்த நோய் காணப்படுகிறது. இதனால் வரும் கடும் வலியைக் குளிர் தூண்டிவிடக்கூடும். நாளடைவில் இடுப்பு மூட்டு சிதைந்து நடை பாதிக்கப்படுவோரும் உண்டு. இவர்களிடம் ஊன்றுகோல் இருக்காது, சக்கர நாற்காலி இருக்காது. பார்க்கும் யாருக்கும் குறைபாடு தெரியாது. மேல்தளக் காத்திருப்பு அறையில், கதவு திறக்கும்போது காற்று நேரே அடிக்காத பக்கம், கைப்பிடியும் முதுகுச் சாய்வும் உள்ள இருக்கைகள் போடப்பட்டதற்கு இவர்களும் ஒரு காரணம். அதுவரை அங்கே இருந்தவை முதுகில்லாத சிமெண்ட் திண்ணைகள்.

பார்வையற்றோருக்கான தொடுஉணர் ஓடுகள் பழைய முகப்பில் பதிக்கப்பட்டிருந்தன, ஆனால் ஒழுங்கின்றி. நீள வரிகள் உள்ள ஓடு ‘இந்த வழியே போ’ என்று சொல்வது; புள்ளிகள் உள்ள ஓடு ‘நில், முன்னால் மாற்றம் இருக்கிறது’ என்று எச்சரிப்பது. அங்கே இரண்டும் அழகுக்காகக் கலந்து பதிக்கப்பட்டு, வரிசை ஒரு தூணில் போய் முடிந்திருந்தது. புதிய வாசலில் வண்டி நிற்கும் இடத்திலிருந்து கதவு வரை, கதவிலிருந்து முகப்பு மேசை வரை வரி ஓடுகளும், திருப்பங்களிலும் உள்படிக்கட்டின் மேல்முனையிலும் புள்ளி ஓடுகளும் மஞ்சள் நிறத்தில் பதிக்கப்பட்டன. மூடுபனியில் சாம்பல் நிறத் தரையும் சாம்பல் நிறச் சுவரும் ஒன்றாகத் தெரியும் இந்த ஊரில், ஓரளவு பார்வை உள்ளவர்களுக்கு ஓட்டின் வடிவத்தைவிட அதன் நிறமே உதவுகிறது.

தீராத பகுதி

பாதை அறுபடாமல் இருக்க வேண்டும் என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தால், இந்தத் திட்டம் ஓர் இடத்தில் தோற்கிறது. மேல் சாலை கட்டிடத்தை ஒட்டி ஏறக்குறைய சமமாகப் போனாலும், பிரதான சாலையிலிருந்து அது பிரிந்து ஏறும் ஏறத்தாழ 50 மீட்டர் தூரம் ஒன்பதுக்கு ஒன்று ஏற்றம். பேருந்தில் வருபவர் பிரதான சாலையில்தான் இறங்குகிறார். அந்த 50 மீட்டரைச் சக்கர நாற்காலியில் தனியாக ஏற முடியாது. சாலையின் ஏற்றத்தை மாற்றுவதும் நடக்காத காரியம். மலைச் சாலையின் ஏற்றம் மலை கொடுத்தது.

செய்ய முடிந்தவை இவை: ஏற்றத்தின் உட்புறச் சுவரில் தொடர்ச்சியாகக் கைப்பிடி; பாதி வழியில் சாலையை விட்டு ஒதுங்கிய ஒரு சமதள இடமும் இருக்கையும்; கட்டிட வாசலில் 3.6 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளத்தில் வண்டி நிறுத்த ஓர் இடம். இரண்டு இடங்கள் ஒதுக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி; சாலையின் அகலம் ஒன்றுக்குத்தான் இடம் தந்தது. ஆட்டோவிலோ வாடகை ஜீப்பிலோ வருபவர் வாசலிலேயே இறங்கி, நனையாமல் உள்ளே போகிறார். பேருந்துக் கட்டணம் மட்டுமே கையில் உள்ளவருக்கு இன்னும் வழி இல்லை. மேல் சாலை வழியே போகும் மினி பேருந்தை வாசலில் நிறுத்தக் கோரிய மனு நிலுவையில் உள்ளது. அந்த வண்டியின் முதல் படி தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் இருப்பது அதற்கு அடுத்த பிரச்சினை.

கூட்ட அரங்கு இன்னும் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறது. அதை மேலே ஏற்ற இடம் இல்லை. குறைதீர்க் கூட்டமும் பொதுக் கருத்துக் கேட்பும் நடக்கும் நாட்களில், மேல்தளக் காத்திருப்பு அறையிலேயே அவற்றை நடத்தலாம் என்று பரிந்துரைத்தோம். நாற்காலிகளை நகர்த்தினால் இடம் போதும். தேர்தலின்போது அந்த அரங்கே வாக்குச்சாவடியாகப் பயன்படுகிறது. வாக்குச்சாவடிக்கான அறையை மேல்சாலைத் தளத்துக்கு மாற்றித் தரும்படி அலுவலகம் எழுதிய கடிதத்துடன், திருத்திய வரைபடமும் இரு சாலைகளின் மட்டக் குறிப்பும் இணைத்து அனுப்பப்பட்டுள்ளன.